எறும்புப் புற்றில் முட்டையிடுவது யார்?

சமையலறைச் சுவரில் வரிசை பிடித்து ஏறி வந்து, சர்க்கரை டப்பாவின் மூடியைச் சுற்றிச் சுற்றி வரும் எறும்புகள் அத்தனையும் பெண்கள். அதிலும் பெரும்பாலும் கிழவிகள். இளையவை புற்றுக்குள் இருட்டில், எறும்பின் குழந்தைப் பருவமான புழுக்களுக்கு ஊட்டிக்கொண்டும், அவற்றை நக்கிச் சுத்தம் செய்துகொண்டும் இருக்கின்றன. வெளியே வருவது பல்லியிடமும் சிலந்தியிடமும் நம் ஈரத்துணியிடமும் மாட்டிக்கொள்ளக்கூடிய வேலை. ஆயுளின் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டவைதான் அதை ஏற்கின்றன.

இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சுவரைத் துடைக்கக் கை எழவில்லை. கூடவே ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே அனுப்புவது என்று அங்கே தீர்மானிப்பது யார்? பள்ளிப் பாடத்தில் 'ராணி எறும்பு' என்று படித்த நமக்கு நாக்கில் வரும் பதில் ராணி. அந்தப் பெயர்தான் நம்மைத் திசைதிருப்புகிறது. ராணி எறும்பு யாருக்கும் கட்டளை இடுவதில்லை. அது முட்டை இடுகிறது. ஆனால் ஒருத்தி முட்டையிடுகிறாள், மற்றவர்கள் இடுவதில்லை என்ற அந்த ஒரு பிரிவினையிலிருந்துதான் புற்றின் மற்ற வேலைப் பிரிவினைகள் கிளைக்கின்றன. அந்தக் கோடு கல்லில் வெட்டியது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். தென்னிந்தியக் காடுகளில் வாழும் ஓர் எறும்பு அதை அழித்து அழித்து எழுதிக் காட்டுகிறது. அதற்குப் போகுமுன் வழக்கமான ராணியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மழை ஓய்ந்த மாலையில் தெருவிளக்கை மொய்க்கும் இறகுப் பூச்சிகளில் பெரும்பாலானவை ஈசல்கள், அதாவது இறகு முளைத்த கறையான்கள். அவற்றுக்கு நடுவே இடை ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல மடங்கி, முன்னிறகு பின்னிறகைவிட நீண்டிருக்கும் சில தென்பட்டால் அவை எறும்புகள். பல இனங்களில், ஒரு வட்டாரத்துப் புற்றுகள் எல்லாம் ஒரே நாளில் தங்கள் ஆண்களையும் இளம் ராணிகளையும் வெளியே பறக்கவிடுகின்றன. கலவி முடிந்த ஆண்கள் சில நாள்களுக்குள் செத்துவிடுகின்றன. ராணி தரையிறங்கி, தன் இறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணில் குழி பறித்து உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்கிறது. பிறகு பல வாரங்கள் பட்டினிதான். இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால் இறகுத் தசைகள் உடலுக்குள்ளேயே கரைகின்றன. அந்தச் சத்தையும் சேர்த்து வைத்த கொழுப்பையும் கொண்டுதான் முதல் புழுக்கள் வளர்கின்றன. முதல் ஈட்டு எறும்புகள் வழக்கத்தைவிடச் சிறுத்துப் பிறப்பதற்குக் காரணம் இதுதான். அவை வாசலைத் திறந்து இரை தேடக் கிளம்பும் நாள்வரை, எல்லா வேலையையும் தனியாகச் செய்யும் தாய்தான் அந்த ராணி.

பறந்த அந்த ஒரு நாளில் பெற்ற விந்தணுக்களை வயிற்றிலுள்ள ஒரு சிறு பையில் உயிரோடு வைத்து, ராணி ஆண்டுக்கணக்கில் சிக்கனமாகச் செலவிடுகிறது. ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று வளர்ப்புக் கூட்டில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. அதன் மகள்களுக்கு ஆயுள் ஓரிரு ஆண்டுகள்தான். முட்டை வெளியேறும்போது விந்தணு சேர்ந்தால் பெண் பிறக்கும். சேராவிட்டால் ஆண். ஆகவே ஆண் எறும்புக்குத் தகப்பன் கிடையாது, தாய்வழித் தாத்தா மட்டும் உண்டு.

இந்த விசித்திரமான பிறப்புமுறையிலிருந்துதான் 1964இல் ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் தன் புகழ்பெற்ற கணக்கைப் போட்டார். ராணி ஒரே ஆணோடு கூடியிருந்தால், அதன் மகள்கள் ஒருவரோடொருவர் நான்கில் மூன்று பங்கு மரபணு உறவு உடையவர்கள். தானே பெறும் மகளோடு இருப்பதோ பாதி உறவு. அப்படியானால் பிள்ளை பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம். மலட்டு வேலைக்கார எறும்புகள் எப்படித் தோன்றின என்று 1859இலேயே டார்வினை உறுத்திய சிக்கலுக்கு இது அழகான விடை. ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். பல இனங்களில் ராணி பல ஆண்களோடு கூடுகிறது. சிலவற்றில் ஒரே புற்றில் பல ராணிகள். அங்கெல்லாம் இந்த முக்கால் பங்கு சரிந்துவிடுகிறது, வேலைப் பிரிவினை சரிவதில்லை. கறையானில் ஆணுக்கும் தகப்பன் உண்டு. அங்கேயும் மலட்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்.

முட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மழை வரப்போகிறது என்றால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வெள்ளை அரிசிபோல வாயில் கவ்விக்கொண்டு போவது பெரும்பாலும் முட்டை அல்ல. புழு, அல்லது கூட்டுப்புழு. உண்மையான எறும்பு முட்டை ஒரு மணல் துகள் அளவுதான் இருக்கும்.

அந்தத் துகளுக்குள் ராணி என்றோ வேலைக்காரி என்றோ பெரும்பாலான இனங்களில் எழுதி வைக்கப்படவில்லை. புழுப் பருவத்தில் எவ்வளவு உணவு, எந்த அளவு வெப்பம், புற்றில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பவைதான் முடிவு செய்கின்றன. பெருந்தலை எறும்பை எடுத்துக்கொள்ளலாம். உடலுக்குப் பொருந்தாத மண்டையோடு சில எறும்புகள் கூட்டத்தில் நடந்துவருமே, அந்த இனம். அந்தப் பெரிய மண்டைக்காரிகள் புற்றில் போதுமான அளவு இருக்கும்போது, அவற்றின் உடல் வாசனையே புதிய புழுக்கள் அந்த வழியில் வளர்வதைத் தடுக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் அடுத்த ஈட்டில் கூடுதல் புழுக்கள் பெருந்தலையாக வளர்ந்து எண்ணிக்கையைச் சரிசெய்துவிடுகின்றன. எண்ணிப் பார்ப்பவர் யாரும் அங்கே இல்லை.

இனி அந்தத் தென்னிந்திய எறும்பு. 1851இல் மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் இதை முதலில் விவரித்துப் பெயரிட்டார்: ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். குதிக்கும் எறும்பு என்று சொன்னால் போதும். மேல்நோக்கி வளைந்த நீண்ட இடுக்கி போன்ற தாடை, எறும்புக்கு மிகப் பெரிய கண்கள். சிலந்தியையோ கரப்பான் குஞ்சையோ கண்டால் தாவிப் பிடித்துக் கொட்டிச் செயலிழக்க வைத்துவிடும். நாம் காணும் எறும்பு வரிசை எதையும் இது போடுவதில்லை, தனியாகப் போய்த் தனியாக வேட்டையாடும். மண்ணுக்குள் இதன் அறைகளை 1994இல் ஓர் ஆய்வுக் குழு தோண்டிப் பார்த்தது. பெங்களூருவின் எறும்பியல் அறிஞர் முஸ்தாக் அலியும் அதில் ஒருவர். காலியான பழைய கூட்டுப்புழுக் கூடுகளின் துண்டுகளைக் கொண்டு அறைச் சுவருக்கு உட்பூச்சு ஒட்டி வைத்திருந்தது எறும்பு.

இதன் புற்றைத் தொடங்குவதும் இறகுள்ள ஒரு ராணிதான். வியப்பு, ராணி செத்த பிறகு தொடங்குகிறது. மற்ற பல இனங்களில் ராணி போனால் புற்று மெல்ல அழிந்துபோகும். இங்கே ராணியின் வாசனை நின்ற சில நாள்களுக்குள் வேலைக்கார எறும்புகள் இரண்டிரண்டாக எதிரெதிர் நின்று உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடிக்கத் தொடங்குகின்றன. ஒன்று அடித்தபடி முன்னேறும், மற்றது பின்வாங்கும். பிறகு முறை மாறும். சாட்டைபோலச் சுழலும் அந்தக் கொம்புகளால் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. இந்தப் போட்டி நாள்கணக்கில் நடக்கும். சில சமயம் ஒரு மாதத்தையும் தாண்டிவிடும். இந்த இனத்து வேலைக்காரிகளுக்கு விந்தணுவைச் சேமிக்கும் பை உண்டு என்பதால், கூட்டிலுள்ள ஆண்களோடு கூடிக் கருத்தரிக்க முடியும். வெல்லும் சிலர் அப்படி முட்டையிடுபவர்களாக மாறுகிறார்கள். அறிவியலில் இவர்களுக்குக் கேமர்கேட் என்று பெயர். மணமான வேலைக்காரி என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

வென்றவளின் உடலுக்குள் நடப்பது என்னை இன்னும் வாயடைக்க வைக்கிறது. சூலகம் ஏறக்குறைய 5 மடங்கு பெரிதாகிறது. மூளை ஏறக்குறைய கால் பங்கு சுருங்குகிறது. வெளியே போய் வேட்டையாடவும் வழி நினைவு வைக்கவும் இனித் தேவையில்லை. மூளையோ உடலில் அதிகச் செலவு வைக்கும் உறுப்பு. அந்தச் செலவு முட்டைக்குத் திருப்பப்படுகிறது. சாதாரண வேலைக்காரிக்குச் சுமார் 7 மாதம் ஆயுள் என்றால், முட்டையிடத் தொடங்கியவள் சில ஆண்டுகள் வாழ்கிறாள். பொதுவாக விலங்குகளில் இனப்பெருக்கம் ஆயுளைக் குறைக்கும். முட்டை உற்பத்தியைத் தூண்டும் இன்சுலின் சமிக்ஞை முதுமையையும் விரைவுபடுத்துவது அதற்கு ஒரு காரணம். இந்த எறும்பின் சூலகமோ, அந்தச் சமிக்ஞையின் முதுமைக் கிளையை மட்டும் அடைக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. முட்டைக் கிளை திறந்தே இருக்கிறது.

2021இல் கிளின்ட் பெனிக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. முட்டையிடத் தொடங்கிய எறும்புகளுக்கு வண்ணம் பூசி அடையாளம் வைத்தார்கள். சிலவற்றைச் சில வாரங்கள் தனியே பிரித்து வைத்துவிட்டுப் பிறகு கூட்டத்தில் சேர்த்தார்கள். தனிமையில் அவற்றின் முட்டை உற்பத்தி தளர்ந்துவிட்டது. திரும்பி வந்ததும் மற்ற எறும்புகள் அவற்றைத் தாடையால் கவ்வி, நகரவிடாமல் பிடித்து வைத்தன. காயப்படுத்தவில்லை. இந்தப் பிடிதான் இங்கே போலீஸ் வேலை. பிடிபட்ட எறும்பின் சூலகம் சுருங்கியது. அது மீண்டும் வேட்டைக்குப் போகத் தொடங்கியது. மூளையும் பழைய அளவுக்கே வளர்ந்தது. பூச்சிகளில் வளர்ந்த மூளை இப்படிச் சுருங்கி மறுபடியும் வளரும் என்று அதற்கு முன் தெரிந்ததில்லை.

இங்கே 'பிறவியிலேயே ராணி', 'பிறவியிலேயே வேலைக்காரி' என்ற பேச்சு நிற்பதில்லை. வாசனை, அடி, பிடி ஆகிய மூன்றும் நாள்தோறும் அந்தக் கோட்டைப் புதிதாக வரைகின்றன.

இதே பணியை இன்னும் கொடூரமாகச் செய்யும் எறும்பும் நம் பக்கத்தில் உண்டு. டயகாமா என்ற பேரினத்தில் ராணி என்ற வகையே அற்றுப்போய்விட்டது. ஒவ்வொரு பெண் எறும்பும் கூட்டிலிருந்து வெளிவரும்போது, இறகு இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மொட்டுகளோடு பிறக்கிறது. அந்த மொட்டுகள் இருந்தால்தான் ஆணை ஈர்த்துக் கலவி கொள்ள முடியும். புற்றில் முட்டையிடுகிற எறும்பு, புதிதாகப் பிறந்தவற்றின் மொட்டுகளைக் கடித்து அகற்றிவிடுகிறது. அதோடு அவை ஆயுளுக்கும் வேலைக்காரிகள். நீலகிரியில் வாழும் டயகாமா எறும்புகளிலோ இந்த வெட்டு நடப்பதில்லை, மொட்டுகளோடேயே வேலைக்காரிகள் வாழ்ந்து முடிக்கின்றன. ஒரே பேரினம், தென்னிந்தியாவின் ஒரு மலையில் இப்படி, மற்ற இடத்தில் அப்படி.

முட்டையிடுவதிலிருந்து விலக்கப்பட்டவை தமக்குள் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கின்றன? 2013இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் டேனியல் மெர்ஷும் குழுவினரும் எறும்புகளின் முதுகில் மிகச் சிறிய அடையாளச் சீட்டுகளை ஒட்டி, 6 கூட்டங்களை 41 நாள்கள் கேமராவால் பின்தொடர்ந்தார்கள். மூன்று கூட்டாளிக் குழுக்கள் துலங்கின. ராணியையும் புழுக்களையும் சுற்றி இளம் தாதிகள், நடுவில் துப்புரவுக்காரிகள், வாசலருகே இரை தேடிகள். வயது ஏற ஏற ஒரு குழுவிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தன. சமையலறைச் சுவரில் கிழவிகள் ஏன் என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. நெடுநாள் உயிரோடு இருக்கப்போகிறவளை ஆபத்துக்கு அனுப்புவது புற்றுக்கு நட்டம்.

வயது மட்டும் போதாது. இன்றைக்கு எத்தனை பேர் வெளியே போவது என்பது அன்றாடக் கணக்கு. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் விதை சேர்க்கும் எறும்புகளை டெபோரா கார்டன் 1980களிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார். அதிகாலையில் சில காவல் எறும்புகள் வெளியே சுற்றிவிட்டுத் திரும்பினால்தான் இரை தேடிகள் கிளம்பும். திரும்பி வருகிறவள் எதையும் 'சொல்வதில்லை'. அவள் தோலின் மெழுகுப் பூச்சு வெயிலில் மாறியிருக்கும். உள்ளே இருப்பவள் உணர்கொம்பால் தொட்டு அந்த வாசனையை அறிகிறாள். 2003இல் வெளியான சோதனையில், காவல் எறும்பின் மெழுகை மட்டும் சின்னக் கண்ணாடி மணிகளில் பூசி, ஒன்றன்பின் ஒன்றாகப் புற்று வாசலுக்குள் போட்டார்கள். இரை தேடிகள் கிளம்பிவிட்டன. எவ்வளவு இடைவெளியில் தொடுகை நிகழ்கிறது என்பதே அங்கே செய்தி.

ஒரே மாதிரியானவர்களைச் சேர்த்து வைத்தால்கூடப் பிரிவினை தானாக முளைக்குமா என்பதற்கும் சோதனை உண்டு. குளோன் எறும்பு என்ற இனத்தில் ராணியும் இல்லை, ஆண் துணையும் தேவையில்லை. எல்லாம் ஒன்றின் நகல்கள். ஒரே வயதுள்ளவற்றை 6 பேர் கொண்ட குழுவாக வைத்தபோதே சில அடிக்கடி வெளியே போயின, சில புழுக்களோடு தங்கின. 2018இல் வந்த இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மரபணுவும் வயதும் வேறுபடாத இடத்திலும் யாராவது ஒருத்தி முதலில் எழுந்துவிடுகிறாள், மற்றவள் எழத் தேவையில்லாமல் போகிறது.

அப்படி எழாமலே இருப்பவர்களும் உண்டு. எறும்பென்றால் சுறுசுறுப்பு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பாறையிடுக்கில் வாழும் ஒரு சிற்றெறும்பு இனத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு எந்த நேரத்திலும் சும்மாதான் நிற்கின்றன. அவை எதற்கு என்று அரிசோனா ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மிகச் சுறுசுறுப்பான 20 விழுக்காட்டை அகற்றியதும், சும்மா நின்றவை ஒரு வாரத்துக்குள் அந்த இடத்தை நிரப்பின. சும்மா நின்றவற்றை அகற்றியபோது அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. புற்றின் கையிருப்பு அவை.

எங்கள் கொல்லை மாமரத்தில் முசுறு கூடு கட்டும்போது பார்த்திருக்கிறேன். ஓர் இலை விளிம்பில் பத்துப் பதினைந்து எறும்புகள் பின்னங்கால்களை ஊன்றி, எதிர் இலையைத் தாடையால் கவ்வி இழுக்கும். எட்டாத இடத்தில் ஒன்றின் இடையை மற்றொன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கும். விளிம்புகள் நெருங்கியதும் ஒன்று வாயில் வெள்ளைப் புழுவோடு வந்து, அதன் தலையை இந்த இலையில் ஒற்றி, அந்த இலையில் ஒற்றி, மறுபடி இங்கே ஒற்றும். தறியில் நாடா ஓடுவதுபோலத்தான் இருந்தது. புழு தன் வாயிலிருந்து பட்டு இழையை விடுகிறது. தனக்குக் கூடு கட்டிக்கொள்ள வேண்டிய பட்டு அது. அதைக் கொடுத்துவிட்டதால் முசுறின் கூட்டுப்புழுக்கள் உறையில்லாமல் வெறுமனே கிடக்கின்றன. முட்டையிடத் தெரியாத, நடக்கவும் தெரியாத குழந்தைக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. பல மரங்களில் பரந்த இந்தக் குடும்பத்தின் ராணி ஏதோ ஓர் இலைக்கூட்டில்தான் இருக்கும். எல்லையோரக் கிளைகளில் இருக்கும் கூடுகளில் வயதான பெரிய வேலைக்காரிகள் தங்கி, பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை வந்தால் முதலில் நிற்கின்றன.

முட்டையிடுவது யார் என்ற கேள்வி வெறும் ஆர்வத்துக்கானது அல்ல என்பதை 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலைக் கிராமங்கள் உணர்ந்தன. மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்று அழைக்கப்படும் இனம் அங்கே பெருகி, ஆடு மாடுகளின் கண்களைத் தாக்குவதாக மக்கள் முறையிட்டார்கள். இது கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. இதன் புற்றில் ராணிகள் பல. தனியே பறந்துபோய்ப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, வேலைக்காரக் கூட்டத்தோடு நடந்துபோய்ப் பக்கத்தில் புது வளை தொடங்கிவிடும். இதன் ஆண்களும் வினோதம், ஆணுக்குத் தகப்பன் இல்லை என்ற விதிக்கு விலக்கு: ஓர் ஆணின் உடலில் தாய்வழி உயிரணுக்களும் தந்தைவழி உயிரணுக்களும் கலக்காமல் தனித்தனியாக அருகருகே வாழ்கின்றன என்று 2023இல் கண்டுபிடித்தார்கள். மருந்து அடித்தால் சாவது வெளியே நடமாடும் கிழவிகள். அவை எப்படியும் சில வாரங்களில் சாகப்போகிறவை. உள்ளே ராணிகளும் தாதிகளும் தொட்டுப் பார்க்கப்படாமல் இருக்கிறார்கள். எறும்புக்கு உடனே கொல்லும் மருந்தைவிட மெல்லக் கொல்லும் இரை மருந்து பயன்படுவது இதனால்தான். கிழவி அதை வயிற்றில் சுமந்துபோய் வாய்க்கு வாய் ஊட்டி ராணிவரை சேர்த்துவிடுவாள்.

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. அங்கே ஆண்டுக்கணக்கில் இரை மருந்து தூவியும் தீரவில்லை. கடைசியில், அந்த எறும்புகளுக்குத் தேன்போன்ற சாற்றைத் தரும் செதில் பூச்சியைக் கவனித்தார்கள். அந்தப் பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் இரண்டு மில்லிமீட்டர் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் காட்டில் விட்டார்கள். செதில் பூச்சி குறையக் குறைய, இரை தேடிகள் கொண்டுவரும் இனிப்பும் குறையும், புழுக்களுக்கும் ராணிகளுக்கும் போகும் ஊட்டமும் குறையும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.